கூப்பிடாமல் விட்ட மாங்குயில்

கடலும் வானமும் ஒரே பால் நிறத்தில் கிடந்தன. படகு நகர்கிறதா, மூடுபனி நகர்கிறதா என்றே சோல்மிக்குப் புரியவில்லை.

"ஏய் பட்டணத்துக்காரி, மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு? வாந்தி எடுக்கிறதுன்னா அந்தப் பக்கம் எடு. இந்தப் பக்கம் சாமி உக்காந்திருக்கு," என்றார் படகோட்டி மான்சிக்.

"நீ மொதல்ல எஞ்சின நிறுத்துடா, வாயையும் சேத்து," என்றாள் சாமியாடி.

படகின் நடுவில் பொரமின் அம்மா உட்கார்ந்திருந்தாள்; சோல்மிக்குப் பெரியம்மா முறை. மடியில் ஒரு பித்தளைக் கிண்ணம், நிறைய அரிசி. வெள்ளைத் துணியால் வாய்கட்டி, துணியின் நீளமான வாலைக் கயிறுபோல விட்டிருந்தார்கள். கடலோடு போனவர்களை அந்தக் கரையில் இப்படித்தான் அழைப்பார்கள். கடலுக்குள் இறக்கிய கிண்ணம் மேலே வரும்போது அரிசிக்குள் ஒரு முடி இருந்தால், ஆள் வந்தாச்சு என்று அர்த்தம்.

சோல்மியோடு விளையாடி வளர்ந்த பொரம் ஒன்பது வயதில் கடலோடு போனவள். இப்போது அம்மாவின் கனவில் வருகிறாள். "ஈரத்தோட வாசல்லயே நிக்கிறா. உள்ள வாடின்னா வரமாட்டேங்கிறா," என்று அம்மா போனில் அழுததால்தான் சோல்மி லீவு போட்டு வந்திருந்தாள்.

கிண்ணம் இறங்கியது, ஏறியது. வெறும் அரிசி. திரும்ப இறக்கினார்கள். அப்போதும் வெறும் அரிசி.

"பிள்ளைய எதுவோ பிடிச்சு வச்சிருக்கு," என்றாள் சாமியாடி.

"எதுவோ என்ன, நான்தான். அன்னிக்குக் காலையில புதுச் செருப்ப சேறாக்கிட்டான்னு அடிச்சேன். அந்தக் கோவத்துலதான் வீட்டுக்கு வந்தவ திரும்பக் கடலுக்குப் போயிட்டா," என்றாள் அம்மா.

சோல்மிக்கு மட்டும்தான் தெரியும். பொரம் வீட்டுக்கு வரவே இல்லை.

"முடிச்ச நீ போடும்மா, எனக்கு விரல் விறைச்சுப்போச்சு," என்று அம்மா கிண்ணத்தை நீட்டினாள். சோல்மி தலை குனிந்து முடிச்சுப் போட்டாள். போடுகிற சாக்கில் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அரிசிக்குள் செருகிவிட்டாள். அம்மாவுக்கு நிம்மதி கிடைத்தால் போதும். தானும் இனி வாயைத் திறக்க வேண்டியதில்லை.

கிண்ணம் மேலே வந்தது. அம்மா அரிசியை விரலால் கிளறி முடியைத் தூக்கிப் பிடித்தாள். பனிக்குள் அது நீளமாக ஆடியது.

"பேன் தொல்லைன்னு அவ முடிய ஒட்ட வெட்டிவிட்டேனே," என்று முணுமுணுத்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "கடலுக்கடியில வளந்திருக்கு பாரேன். எம் பொண்ணு பெரியவளாயிட்டா."

சோல்மியால் அதைத் தாங்க முடியவில்லை.

"பெரியம்மா, அது என் முடி."

அம்மா முடியைப் பிடித்தபடியே அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குத் தண்ணி வத்தின சேத்துல கண்ணாமூச்சி ஆடினோம். நான்தான் தேடினேன். ஒரே பனி. எனக்குப் பசிச்சுது. சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயி மட்டி நூடுல்ஸ் தின்னேன். தண்ணி ஏறினப்போ எல்லாரும் கேட்டீங்க. பயத்துல, அவ அப்பவே வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிட்டேன்."

"அதனாலதான் நாங்க மலைப்பக்கம் தேடினோம்," என்றாள் அம்மா. அவள் குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது. "அவ சிப்பிப் பாறைக்குப் பின்னால உக்காந்துட்டிருந்திருக்கா."

"ஆமா பெரியம்மா."

கண்ணாமூச்சியில் தேடுகிறவள் தோற்றதாக ஒப்புக்கொண்டு 'மாங்குயிலே' என்று கத்திக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்டால்தான் ஒளிந்தவர்கள் வெளியே வருவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். அதைக் கேட்காமல் பொரம் ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

அலை படகின் வயிற்றில் தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அந்த முடியைக் கடலில் போடவில்லை. சோல்மியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். அந்தப் பிடி வலித்தது. பிறகு கிண்ணத்தைத் தானே கட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"விளையாட்டு இன்னும் முடியல. நீயே கூப்பிடு."

சோல்மி துணியை விட்டாள். வெள்ளை வால் நீருக்குள் நழுவி இறங்கியது.

"கண்டுபிடிக்க முடியல, மாங்குயிலே..."

குரல் உடைந்தது. பனி அதை விழுங்கிவிட்டது. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் துணியின் மேல், அவள் கைக்குப் பக்கத்தில், தன் கையையும் வைத்தாள்.

"இன்னும் சத்தமா கூப்பிடுடி. அவ எப்பவும் தூரமாத்தான் ஒளிவா."