வாயாடியின் வயிற்றில் என்ன?

வாயாடி என்பது அந்த லாயத்தின் வயதான குதிரைக்கு லாயக்காரர் வைத்த பெயர். யார் என்ன பேசினாலும் பதிலுக்கு ஒரு கனைப்பாவது கனைக்காமல் விடமாட்டாள். பதினேழு வருடமாக அவளுக்குத் தண்ணீர் காட்டுவதும், உடம்பு தேய்த்துவிடுவதும், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவர்தான். வீட்டில் சம்சாரத்திடம் வாங்குவது தனி.

அந்த வாயாடி இப்போது மாசமாக இருந்தாள். வயதைப் பார்த்து, இதுதான் கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட முதலாளியம்மா அங்கேயே ஒரு முடிவெடுத்து, லாயக்காரர் தலையில் இடியை இறக்கினார்.

"பொட்டைக் குட்டின்னா தாயும் குட்டியும் இங்கேயே இருக்கட்டும், இவ வம்சம் நம்மகிட்ட வளரணும். ஆம்பளைக் குட்டின்னா அண்ணன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார், இவளை அங்க அனுப்பிடலாம். வயிறு பெருக்கறதுக்கு முன்னாடியே வண்டி ஏத்திடணும். டாக்டர் ஸ்கேன் பண்ணிச் சொல்லட்டும்."

அண்ணனின் பண்ணை இரண்டு நாள் பயணத் தொலைவு. லாயக்காரர் வழக்கம்போல "சரிங்கம்மா" என்றார். ராத்திரி வீட்டில் தட்டை ஒதுக்கிவிட்டு நகத்தைக் கடித்தார்.

"நம்ம பொண்ணு பொறந்தப்பகூட நீங்க இப்படி நகத்தைக் கடிக்கலை" என்றாள் சம்சாரம்.

"அப்ப உன்னை யாரும் வண்டி ஏத்தி அனுப்பறேன்னு சொல்லலையே!"

"சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பீங்க."

குதிரைக் குட்டியின் விஷயத்தில் ஸ்கேனுக்கு ஒரு கெடு உண்டு. அறுபதாம் நாளிலிருந்து எழுபதாம் நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன்னால் எல்லாக் குட்டியும் ஒரே அச்சு. அதற்குப் பின்னால் குட்டி கீழே இறங்கி, கைக்கு எட்டாமல் போய்விடும். டாக்டர் தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டி, கருவியின் முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, குதிரையின் பின்பக்கமாகக் கையை உள்ளே விடுவார். திரையில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி தெரியும். அதன் உடம்பில் இரண்டு குட்டிக் கோடுகள் பளிச்சென்று வெள்ளையாக மின்னும். கோடுகள் தொப்புள்கொடி பக்கம் இருந்தால் ஆண், வால் பக்கம் இருந்தால் பெண். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற வாண்டு ஒரு நிமிடம் சும்மா கிடந்தால்தானே! அதனால் மூன்று தடவை பார்த்து உறுதி செய்யாமல் டாக்டர் வாயைத் திறப்பதில்லை.

அதுவரை வாயாடியை அசையாமல் நிறுத்துவது லாயக்காரரின் பொறுப்பு. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, விடாமல் பேசுவது. அவர் பேசிக்கொண்டே இருந்தால், தன் முறை எப்போது வரும் என்று அவள் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு சிலையாக நிற்பாள். ஊசி போடுவதற்கும் லாடம் அடிப்பதற்கும் இதே வைத்தியம்தான்.

அறுபத்தெட்டாம் நாள் காலையில் டாக்டர் வந்தார். முதலாளியம்மா பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். வாயாடியைத் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, டாக்டர் கையை விட்டார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ நெளிந்தன. அதைப் பார்த்ததும் லாயக்காரரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினேழு வருடத்தில் தீராத பேச்சு அன்றைக்குத் தீர்ந்துபோனது.

"பேசுங்க! ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் டாக்டர்.

"என்ன பேசறதுன்னு தெரியலை, டாக்டர்."

"இதோ, தெரியுது... தொப்புள் பக்கம்தான்... ஏய், ஏய், நில்லு!"

பேச்சு நின்றதும் வாயாடிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் இடுப்பை வெடுக்கென்று ஒதுக்க, டாக்டர் ஒற்றைக்காலில் ஆடினார். சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அலறியது. வேறொரு லாயத்தில் ஒரு குதிரை வயிற்றுவலியில் புரள்கிறதாம். டாக்டர் கையை உருவிக்கொண்டார்.

"ஆம்பளைக் குட்டிதான். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, கையுறையைக்கூட முழுசாகக் கழற்றாமல் ஓடினார்.

மதியம் முதலாளியம்மா வீங்கிய கன்னத்தோடு வந்தார். பேச முடியவில்லை. புருவத்தைத் தூக்கி, "என்ன?" என்று சைகையில் கேட்டார்.

"பொட்டைங்கம்மா" என்றார் லாயக்காரர்.

உண்மையைச் சொல்லப்போனால், அந்த வார்த்தையை அவர் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வெளியே வந்து நின்றுகொண்டது. முதலாளியம்மா பாதி வாயால் சிரித்தார். இனி அதை உள்ளே தள்ள முடியுமா?

அடுத்த ஒன்பது மாதம் லாயக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. தடுப்பூசி போட டாக்டர் வரும்போதெல்லாம் அவருக்கும் முதலாளியம்மாவுக்கும் நடுவில் போய் நந்தி மாதிரி நின்றார். முதலாளியம்மா "நம்ம குட்டி..." என்று ஆரம்பித்தால் போதும், ஒரு வாளி தடாலென்று கீழே விழும். "இவருக்குக் கை நடுங்குது, பாருங்க டாக்டர்" என்று முதலாளியம்மா கவலைப்பட்டார். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் வேளை தவறாமல் விழுங்கித் தொலைத்தார் மனுஷன்.

"ஆம்பளையா பொறந்தா என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள் சம்சாரம்.

"பொறந்த குட்டியையும் தாயையும் உடனே பிரயாணம் அனுப்ப மாட்டாங்க. ஆறு மாசமாவது கூட இருக்கலாம்."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் என்னவென்று அவர் யோசித்து வைத்திருந்தார், ஆனால் சொல்லவில்லை.

ஒருநாள் பொழுது புலரும் நேரத்தில் வாயாடி குட்டி போட்டாள். ஈரக் குட்டியை வைக்கோலில் இழுத்துப் போட்டுவிட்டு, லாயக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார்.

பொட்டைக் குட்டி!

அவர் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். தாய் குட்டியை நக்கிக்கொடுத்து முடித்துவிட்டு, போனால் போகிறதென்று அவர் தலையையும் ஒரு நக்கு நக்கினாள்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். குட்டியைப் பரிசோதித்தவர் முகம் சுருங்கிப்போனது. நேராக முதலாளியம்மாவிடம் போனார்.

"என்னை மன்னிக்கணும்மா. எனக்கு இப்படி ஆனதே இல்லை."

"எதுக்கு மன்னிப்பு? நீங்க சொன்னபடியே பொட்டைக் குட்டி! அண்ணன்கிட்டகூட உங்களைப் பத்திதான் பெருமையா சொன்னேன்."

லாயக்காரரின் கை தன்னால் வாளியைத் தேடிப் போனது. டாக்டர் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் பெருமையோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த ரகமில்லை.

"இல்லைம்மா. நான் சொன்னது ஆம்பளைன்னு. ஒரே தடவைதான் பாத்தேன், அவசரத்துல கால் எலும்பைப் பாத்து ஏமாந்திருக்கேன். தப்பு என்னோடது."

இவ்வளவு நேர்மையான மனுஷன் தலைகுனிந்து நிற்பதை லாயக்காரரால் பார்க்க முடியவில்லை. வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"டாக்டர் ஆம்பளைன்னுதாங்க சொன்னார். பொட்டைன்னு பொய் சொன்னது நான்."

டாக்டர் தலையை நிமிர்த்தினார். "அப்ப நான் உண்மைன்னு நெனச்சு சொன்னது பொய். நீங்க பொய்யுன்னு தெரிஞ்சே சொன்னது உண்மை. நான் எதுக்குங்க இவ்வளவு படிச்சேன்?"

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "ஒன்பது மாசம்! தினமும் என் முகத்தைப் பாத்துக்கிட்டே! ஆம்பளையா பொறந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"நீங்க வண்டி ஏத்தற அன்னைக்கு நானும் கூட ஏறியிருப்பேங்கம்மா. இவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. அங்க வேலை குடுத்தா செய்யலாம், இல்லைன்னா வெளியில நின்னாவது பாத்துக்கிட்டிருக்கலாம்னு நெனச்சேன்."

முதலாளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"அவளை அனுப்பாதீங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் எதுக்கு அனுப்பப்போறேன்? ஸ்கேனே பண்ணியிருக்க வேண்டாமே!"

"கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லைங்கம்மா" என்றார் லாயக்காரர்.