பன்னெண்டாவது குழி

அந்தக் கல்குவாரியில தலைவர் ஆகணும்னா பெருசா ஒண்ணும் வேணாம். காது கேக்கணும், முட்டி நடுங்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஏன்னா, தினம் பாறையில பன்னெண்டு குழி போடுவாங்க. குழிக்குள்ள வெடிமருந்தைக் கெட்டிச்சு, திரியைச் சொருகி, வாயைச் சிவப்புக் களிமண்ணால அடைப்பாங்க. திரி ஒவ்வொண்ணும் ஒரு நீளம், அதனால ஒண்ணு மாத்தி ஒண்ணா வெடிக்கும். கீழ நிக்கிற அத்தனை பேரும் வாய்விட்டு எண்ணுவாங்க. பன்னெண்டு கேட்டா வேலைக்குப் போகலாம். பதினொண்ணோட நின்னுச்சுன்னா மேல ஒரு குழி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்குன்னு அர்த்தம். ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுத்துட்டு, சங்கத் தலைவர்தான் முதல்ல ஏறி அதுல தண்ணி ஊத்தணும். அதுக்குத்தான் அவருக்கு நாற்காலி, கேட்டு சாவி, யாருக்கு எந்தப் பாறைன்னு சொல்ற அதிகாரம், எல்லாம்.

கொம்பன்னு ஒருத்தன் தலைவரா இருந்தான். ஆரம்பத்துல ஏறினவன்தான். நாற்காலி சூடு ஏறினதும் கால் வரல. தன்னை எதுத்துப் பேசினவனாப் பாத்து மேல அனுப்புவான். ஒருத்தனுக்கு முழங்கையோட கை போச்சு. இன்னொருத்தன் சாக்குல இறங்கினான்.

அங்க ஜல்லி உடைக்கிறவ ஒருத்தி. வாயும் சுத்தியலும் ஒரே வேகம், அதனால பேரே ஜல்லிக்காரின்னு ஆயிடுச்சு. அவ புருஷன் அங்கயே மேஸ்திரி. அவ தம்பிதான் குழிக்கு மருந்து கெட்டிக்கிறவன். ஒல்லிப்பிச்சான், எல்லாருக்கும் அவன் குருவி. அம்மா போறப்ப அவனுக்கு மூணு வயசு. இவதான் இடுப்புல வெச்சு வளத்தா. அவனுக்கு ஒரு முள்ளு குத்தினா இவ நொண்டுவா.

ஒரு நாள் சாப்பிடுறப்ப மேஸ்திரி மெதுவா ஆரம்பிச்சான். "மாப்ள, நாளைக்கு ஒம்பதாவது குழியில மருந்தே வெக்காத. திரியும் களிமண்ணும் மட்டும் போதும்."

குருவிக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் புரையேறிச்சு. "மாமா! வெறும் குழியில ஏறி வீரன் ஆகப் போறீங்களா?"

"ஊருக்குத் தெரியாதுல்ல."

ஜல்லிக்காரியும் சிரிச்சா. அந்தச் சிரிப்பை அப்புறம் எத்தனை தடவை நினைச்சு வாயில அடிச்சுக்கிட்டாளோ.

மறுநாள் பதினொண்ணு கேட்டுச்சு. கொம்பன் வழக்கம்போல ஆள் தேடினான். மேஸ்திரி சட்டையைக் கழட்டிப் பொண்டாட்டி கையில குடுத்துட்டு, "யாரையும் அனுப்ப வேணாம், நானே போறேன்"னு குடத்தோட விறுவிறுன்னு ஏறினான். தண்ணியை ஊத்திட்டு அந்தக் குழி மேலயே உக்காந்து கையை ஆட்டினான் பாருங்க, கீழ இருந்த இருநூறு பேரும் கத்தின கத்துல பாறையே அதிர்ந்துச்சு.

அத்தனை வருஷக் கோபம். யாரு முதல் அடி அடிச்சான்னு தெரியல. கடப்பாரைக் கம்பியும் சுத்தியல் காம்பும் எறங்கினப்ப கொம்பனோட ரெண்டு முட்டியும் தேங்கா உடைஞ்ச மாதிரி உடைஞ்சுச்சு. சாகுற வரைக்கும் அடிச்சிருப்பாங்க. மேஸ்திரிதான் குறுக்க விழுந்து தடுத்தான். நாற்காலியில உக்காந்ததும் அவனே ஆஸ்பத்திரிக்கு ரொட்டி வாங்கிட்டுப் போய்க் கொம்பன் பக்கத்துல உக்காந்தான். கொம்பன் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் வேலையை அப்படியே விட்டு வெச்சான்.

"எதுக்கு இந்தப் பாசம்?"னு ஜல்லிக்காரி கேட்டா.

"கொன்னா அவன் தெய்வம் ஆயிடுவான்டி. நொண்டியா நாலு பேர் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தான்னா, அதுதான் எனக்குக் காவல்."

ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. ஆனா குருவிக்கு வாய்ல நாலு சொட்டு விழுந்தா நாக்கு நிக்காது. "மாமாவோட வீரமெல்லாம் என் கைமருந்து"ன்னு டீக்கடையில ஒரு தடவை சொன்னான். கேட்டவங்க விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டாங்க. மேஸ்திரி நினைக்கல.

அப்புறம் ஒரு நாள் குருவியே வந்து நின்னான். "மாமா, நானும் ஒரு தடவை ஏறுறேனே. உங்க நாற்காலி யாருக்கு வேணும்? ஒரே ஒரு கைத்தட்டல். என் பொண்டாட்டி பாக்கணும்."

மேஸ்திரி அவன் தோள்ல கையைப் போட்டான். குரல் வெண்ணெய் மாதிரி. "அதுக்கென்ன மாப்ள. வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம். எனக்குக் கால் வலின்னு சொல்லிடுறேன், எனக்குப் பதிலா நீ ஏறு."

வெள்ளிக்கிழமை. வெடிக்கு முன்னாடி சாப்பாட்டு நேரம். ஜல்லிக்காரி தூக்குவாளியைத் திறந்து புருஷனுக்குப் போட்டுக் குடுத்தா. அவன் கையை நீட்டினப்ப நகத்துக்கடியில சிவப்பா ஏதோ. "கையைக் கழுவிட்டு உக்காருங்க"ன்னா. அவனும் கழுவிட்டு வந்தான்.

விசில் ஊதிச்சு. வெடி ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினொண்ணு. எல்லாரும் டீ குடிச்சாங்க. குருவி குடத்தைத் தூக்கிக்கிட்டு, பொண்டாட்டியைப் பாத்துக் கண்ணடிச்சிட்டு ஏற ஆரம்பிச்சான்.

அப்பதான் இவளுக்கு உறைச்சுது. தலைவர் ஆனதுல இருந்து மேஸ்திரி களிமண்ணைத் தொட்டதே இல்ல. இன்னைக்கு எப்படி நகத்துல களிமண்ணு? வெறும் குழியைத் திறந்து, மருந்தும் நீளத் திரியும் வெச்சு அடைச்சிருக்கான்!

கையில இருந்த பாத்திரத்தைப் போட்டுட்டு ஓடினா. "டேய்! ஏறாதடா! இறங்குடா கண்ணா!"

அவன் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். 'எல்லாம் தெரிஞ்சதுதானேக்கா, எதுக்கு நடிக்கிற?'ங்கிற சிரிப்பு. குழிகிட்ட குனிஞ்சான்.

பன்னெண்டு.

கல்லு மழை நின்னதும் ஜல்லிக்காரி கையில கிடைச்சது ஒரு செருப்பு. கொஞ்ச தூரத்துல செருப்புக்குள்ள இருந்த கால். மத்ததையெல்லாம் முந்தானையில பொறுக்கினா. யாரு இழுத்தும் வரல. மேஸ்திரி மண்ணுல புரண்டு அழுதான். அழுதது பொய்யின்னு சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. மச்சான் பேர்ல கல்லு நட்டான். "எனக்குப் பதிலா உயிரைக் குடுத்தான்"னு பேசினான். ஊரே கண்ணைத் தொடச்சுது, முன்னைவிட ரெண்டு மடங்கு அவன் பக்கம் சாஞ்சுது. தாலியறுத்த மச்சான் பொண்டாட்டிக்கே மருந்து கெட்டிக்கிற வேலையையும் குடுத்தான். தர்மப்பிரபுன்னாங்க. அவ புருஷனுக்குக் கூடமாட இருந்தவ, வேலை தெரிஞ்சவ. ஒம்பதாவது குழி கதை அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சான் பாருங்க, அங்கதான் சறுக்கினான். படுக்கையில பேசாத புருஷன் எங்க இருக்கான்?

காரியம் முடிஞ்ச அன்னைக்கே அவ ஜல்லிக்காரி கையைப் பிடிச்சா. "அக்கா, ஒரு குழியில மருந்தை வெச்சு அவனை அனுப்பிடுறேன். சரின்னு மட்டும் சொல்லு."

"வேணாம்டி. செத்தான்னா அவனுக்கும் கல்லு நடுவாங்க. நான் தினம் அதைக் கும்பிட்டுட்டுப் போகணுமா? நீ மருந்தே வெக்காத."

மூணு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு அந்த ஆளுக்குச் சோறு போட்டா.

அப்புறம் ஒரு நாள் மறுபடியும் பதினொண்ணுதான் கேட்டுச்சு. மேஸ்திரி திக்குன்னு மச்சான் பொண்டாட்டியைப் பாத்தான். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பொண்டாட்டி பக்கம் திரும்பினான். ஜல்லிக்காரி பத்து விரலையும் விரிச்சு அவன் முகத்துக்கு நேரா நீட்டினா. பத்து நகத்துலயும் சிவப்புக் களிமண்ணு.

அவன் முகத்துல ரத்தம் வத்திப் போச்சு. சொன்னா குட்டு உடையும், ஏறினா உடம்பு உடையும். என்ன செய்வான்?

"இன்னொரு டீ நேரம் பொறுப்போம்"னான்.

"என் தம்பி ஒரு டீதான் குடிச்சான்"னா ஜல்லிக்காரி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. "போங்க தலைவரே. உங்க இடம்தானே?"

"ஏறுய்யா!" கட்டையை ஊனிக்கிட்டுக் கொம்பன் ஒரு மூலையில இருந்து கத்தினான். "நாங்கல்லாம் பாக்குறோம்ல!"

நாலு அடி ஏறினான். அஞ்சாவது அடியில முட்டி மடங்கிச்சு. வேட்டி முன்பக்கம் நனைஞ்சுது, இருநூறு பேர் பாக்க. "எவனாவது ஒருத்தன் ஏறுங்கடா!"ன்னு கத்தினான், அந்த நாள்ல கொம்பன் கத்தின அதே கத்தல். அப்புறம் குடத்தைப் போட்டுட்டு ஓடினான்.

ஓடவிடுவாங்களா? குவாரி கேட்டுப் பக்கத்துல பிடிச்சாங்க. குருவிக்காக அழுத கையெல்லாம் சுத்தியல் காம்பைத் தூக்கிச்சு. முகம் எது பிடரி எதுன்னு தெரியல. பல்லு ஜல்லியோட ஜல்லியாச் சிதறிச்சு. ஜல்லிக்காரி நின்னு பாத்தா. ஒரு முட்டி உடையற சத்தம் கேட்டுச்சு. பொறுத்தா. ரெண்டாவது முட்டியும் கேட்டதும், "போதும், விடுங்க. உயிரோட இருக்கட்டும்"னா. விட்டுட்டாங்க. அவ சொல்லு கேட்டு இருநூறு பேர் நிறுத்தினது அதுதான் முதல் தடவை. அவளுக்கே உடம்பு சிலிர்த்துச்சு.

கீழ கிடந்த குடத்தை எடுத்தா. மேல ஏறி வெறும் குழியில தண்ணியை ஊத்தி, அது மேலயே உக்காந்தா. கீழ கத்தின கத்துல பாறை அதிர்ந்துச்சு.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டி வாங்கிட்டுப் போய்ப் புருஷன் பக்கத்துல உக்காந்தா. அவன் வீங்கின உதட்டோட, "அதுல மருந்து இருந்துச்சாடி?"ன்னு கேட்டான். ரொட்டியை டீயில நனைச்சு அவன் வாயில வெச்சா.

மறுநாள் நாற்காலியில உக்காந்து சாவிக்கொத்தை இடுப்புல சொருகறப்ப தம்பி பொண்டாட்டி வந்தா. "அக்கா, நான் சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே தங்கம்"னா ஜல்லிக்காரி. சொன்னப்ப தன் குரலே தன் காதுல விழுந்துச்சு. வெண்ணெய் மாதிரி இருந்துச்சு.

அன்னையில இருந்து மருந்து அறைக்குள்ள வேற யாரும் போகல. பன்னெண்டு குழிக்கும் தலைவியே மருந்து கெட்டிக்கிறாங்க, இப்படி ஒரு தலைவர் உண்டான்னு ஊரே மெச்சுச்சு. தம்பி பொண்டாட்டியை ஜல்லி உடைக்கப் போட்டாச்சு. அவ தினம் வேலைக்கு வந்ததும் நாற்காலிக்கு முன்னாடி வந்து நின்னு, ரெண்டு கையையும் விரிச்சு நகத்தைக் காட்டிட்டுத்தான் கல்லுகிட்டப் போவா. காட்டுன்னு யாரும் சொல்லல. வேணாம்னு ஜல்லிக்காரியும் சொல்லல.