தோல்விக்கு ஒரு சிபாரிசு

1.

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அதில் காது வைக்க வேண்டிய அவசியமே இல்லை. (வைத்தேன். இன்னும் தெளிவாகக் கேட்டது.)

அங்கே மூன்று பேர். ஒரு காலத்தில் கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்றை வடிவமைத்து, இப்போது ஓய்வில் இருக்கும் பொறியாளர். அவர் மகன். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் மருமகள். ‘சந்தையில் தோற்ற பொருட்கள்’ என்று ஒரு கூடம் திறக்கப் போகிறார்களாம். எது தோல்வி என்று தீர்மானித்து விளக்க அட்டை எழுதுவது மருமகள். மாமனாரின் கருவியும் பரிசீலனையில்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தன் உழைப்பைத் தோல்வி என்கிறார்களே என்று முதியவரின் கண்கள் கலங்கின. நடுங்கும் விரல்களால் அந்தக் கருவியை மார்போடு

நிறுத்திவிட்டேன். அணைக்கவுமில்லை, அழவுமில்லை. நடந்தது வேறு.

“மாமா, உங்க கேம் சுமாரா வித்திருக்கு. போட்ட காசு வந்திருச்சு. தோல்வின்னு எப்படி எழுதறது?”

“தைரியமா எழுதும்மா! கடைக்காரனெல்லாம் பெட்டி பெட்டியா திருப்பி அனுப்பினான்.”

“அப்புறம் அவங்களே திரும்ப வாங்கிக்கிட்டாங்களே.”

“அதை இப்ப யார் கேட்டா?”

“அப்பா, என் கல்யாணத்துல சக்கைப்போடு போட்டுச்சுன்னீங்க!” இது மகன்.

“அது சம்பந்திக்குச் சொன்னது. இது மியூசியம்டா.”

3.

(இடைக்குறிப்பு: விஷயம் புரிந்திருக்குமே. ஜெயித்த கருவிகளுக்கு மேல்மாடியில் தனிக்கூடம்; அந்தப் பக்கம் இவர் எட்டிப்பார்க்க முடியாது. தோற்றவற்றுக்கும் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, செய்தவர் பெயர் எல்லாம் உண்டு. சுமாராகப் போனவற்றுக்குக் கிடங்கு. ஆகவே மனிதர் தோற்பதற்குச் சிபாரிசு பிடிக்கிறார். வெட்கமாக இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் நான் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும்.)

“மாமா, தோத்ததுக்குக் காரணமும் அட்டையில போடணும்.”

“விற்பனைப் பிரிவுன்னு போடு.”

“வாங்கினவங்க எல்லாரும் டிசைனைத்தான் சொல்றாங்க. பொத்தானை அழுத்தினா விரல் வலிக்குதாம்.”

இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு சேர்க்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

“வலிச்சுச்சுன்னே போடு. என் பேரை மட்டும் இனிஷியலோட போட்டுரும்மா.”

4.

மருமகள் என்ன எழுதப் போகிறாள் என்பது மட்டும் சுவர் வழியாகக் கேட்கவில்லை. நாளை அட்டை அச்சுக்குப் போகிறது.

முடிவு ஒன்று: பொய் எழுதுகிறாள். மாமனார் தினமும் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் நின்று, தான் கெடுத்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் மார்தட்டி விளக்குகிறார். யாராவது உண்மைக் கணக்கைத் தேடிப் பார்க்கும் நாளில் அவள் வேலை போகிறது.

முடிவு இரண்டு: உள்ளதை எழுதுகிறாள். கருவி கிடங்குக்குப் போகிறது. மாமனார் அவளோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார். எனக்கும் கேட்க ஒன்றும் இல்லாமல் போகிறது.

முடிவு மூன்று: அவள் மெல்ல எழுந்து

வேண்டாம், நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். இதில் நான் நடுநிலையாக இருக்க முடியாது. என் புத்தகங்களை இதுவரை ஒருவர்கூடப் பாராட்டி எழுதியதில்லை; திட்டிக்கூட எழுதியதில்லை.