பீச்சாங்கை போட்ட மழை

என் அண்ணன் ஓவியன். இதை நான் சொல்லவில்லை. அவன் வீட்டு வாசலில் தொங்குகிற போர்டு சொல்கிறது. மண்டை பிளக்கிற வெயிலிலும் கழுத்தில் ஒரு மப்ளர். மேலே பெயிண்ட் பட்ட சட்டை. அந்தப் பெயிண்டும் வேலையில் பட்டதல்ல. கண்ணாடி முன் நின்று, பிரஷ்ஷால் தானே தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டான். என் கண்ணால் பார்த்தேன்.

நான் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறேன். பொய்ப்பல் செய்வதுதான் தொழில். சூடு பண்ணின மெழுகைச் சின்னக் கத்தியால் வழித்து, ஊசிமுனை இடத்தில் சரியாக உட்கார வைக்க வேண்டும். எல்லாம் இடது கையால். அந்தக் கைக்காக எனக்கு ஆறு வயதிலேயே அண்ணன் ஒரு பெயர் வைத்துவிட்டான்: பீச்சாங்கை. வீட்டில், தெருவில், என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால்கூட, "ஏய் பீச்சாங்கை, இங்க வா!" என்றுதான் கூப்பிட்டான். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

புது நூலகத்தின் வாசல் சுவருக்கு எட்டடி நீளத்தில் ஒரு படம் கேட்டிருந்தார்கள். மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள். அண்ணன் போட்டுக் கொடுத்த மாதிரிப் படம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. தட்டையாக இருக்கிறது, வேண்டுமானால் இன்னொரு முறை முயலுங்கள் என்று நூலக அதிகாரியம்மாள் எழுதியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"தட்டையா இருக்காம்! கலையப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

"தட்டையாத்தான்ணா இருக்கு."

இல்லாமல் எப்படி? அண்ணன் பெயிண்ட் வாங்குகிற லட்சணம் அப்படி. பெட்டியில் எத்தனை ட்யூப் என்று எண்ணிப் பார்த்து வாங்குவான். "நாப்பத்தெட்டு கலர், பாத்தியா!" என்று பெருமை வேறு. பாதி சாக்பீஸ் பொடி. நாற்பத்தெட்டையும் சேர்த்துப் பிழிந்தாலும் உருப்படியாக ஒரு சிவப்பு தேறாது. போதாக்குறைக்கு அதில் தண்ணீரை ஊற்றிப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி ஆக்கித் தடவுவான். அப்புறம் தட்டையாக இல்லாமல் புடைத்துக்கொண்டா நிற்கும்?

என்னிடம் இருந்தது ஐந்தே ட்யூப். ஹெவி பாடி அக்ரிலிக், வெண்ணெய் மாதிரிக் கெட்டியான பெயிண்ட். பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாங்கும்போது ட்யூபின் முதுகைப் படிப்பேன். உள்ளே ஒரே நிறமியா, நாலைக் கலந்து ஊரை ஏமாற்றுகிறானா, வெளிச்சத்தில் வெளுக்குமா என்று பார்ப்பேன். பிறகு கடைக்காரரை ஒரு ஓட்டுத் துண்டின் மேல் துளி பிதுக்கச் சொல்லி, அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். விழாமல், வழியாமல், பிதுக்கின முனை அப்படியே நிற்க வேண்டும். அதுதான் சரக்கு. அதில் இழுத்த தடம் ஒவ்வொன்றும் காய்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.

"ஹெவி பாடியா? இது பெயிண்டா, லாரியா?" என்றான் அண்ணன். தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "கொஞ்சம் கை குடேன்" என்றான்.

கொஞ்சமா? முழுப் படத்தையும் நான்தான் போட்டேன். மூன்று வாரம், லேபிலிருந்து வந்து முகம் கழுவின கையோடு நிற்பேன். குடைகளைக் கத்தியால் பெயிண்டை வழித்துப் போட்டேன், மழையைப் பிரஷ்ஷால் இழுத்தேன். பெயிண்ட் சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்கத் தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் ஒரு தாள் போட்டு வைத்துக்கொண்டேன். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். அதனால் கலக்கும்போதே ஒரு படி வெளுப்பாகக் கலக்க வேண்டும். இதை அவனிடம் பத்து தடவை சொன்னேன். காதில் வாங்கினால்தானே? நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அந்தக் குடைய இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணிப் போடு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேர் பேரும் போடுவோம்ணா" என்று மட்டும் கேட்டேன்.

"சத்தியமா. இதெல்லாம் சொல்லணுமா?"

எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் செய்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள். எதிலும் என் பேர் கிடையாது, இருக்கவும் முடியாது. இதிலாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

படம் தேறிவிட்டது. நூலகத் திறப்பு விழாவன்று காலையில் போய்ப் பார்க்கிறேன், படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் அவன் பேர் மட்டும் பளபளக்கிறது. மேசையில் என் ட்யூப்களையும் பிரஷ்களையும் கத்தியையும் பந்தாவாகப் பரப்பி வைத்திருந்தான்.

"என்னண்ணா இது?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம். பொய்ப்பல் கட்டறவ பேரப் போட்டா படத்துக்கு மரியாத இருக்குமா, நீயே சொல்லு."

நான் மேசைக்குப் போய் என் ட்யூப்களின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன்.

அப்போதுதான் தச்சர், படத்தைச் சுவரோடு இறுக்கிக்கொண்டிருந்தவர், "ஐயையோ!" என்றார். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, ஒரு நீலக் குடையையும் அதன்மேல் விழுகிற மழையையும் கோடாகச் சுரண்டிவிட்டது.

அதிகாரியம்மாள் ஓடி வந்தார். "நல்லவேளை, ஓவியரே இருக்கீங்க. எல்லாரும் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சரி பண்ணிடுங்க சார்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தான். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் நீலம் கலந்தான். குடைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, அச்சு அசலாக அதே நிறம் வந்ததும் அப்பினான். மேலே நாலு கோடு மழை இழுத்தான். பின்னால் நகர்ந்து மப்ளரைச் சரி செய்துகொண்டான்.

"எங்க பட்டுச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

பத்து நிமிஷம் காபி குடித்தார்கள். விசிறிக் காற்றில் பெயிண்ட் காய்ந்தது. காயக் காயக் குடை கருத்தது. அண்ணன் மறுபடி அதே நிறத்தைக் கலந்து இன்னொரு பூச்சுப் போட்டான். அதுவும் கருத்தது. எட்டடிப் படத்தில் அந்த ஒரு குடை மட்டும் காயம் பட்ட இடம் மாதிரி கன்றிப்போய் நின்றது.

தச்சர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "சார், ஒரு சந்தேகம். படம் பூரா மழ இடது பக்கத்துலருந்து விழுது. நீங்க போட்டது மட்டும் வலது பக்கத்துலருந்து பெய்யுதே?"

"அது... காத்து மாறிடுச்சுய்யா" என்றான் அண்ணன்.

அதிகாரியம்மாள் சிரிக்கவில்லை. கிட்டத்தில் போய் மேடுமேடாக நிற்கிற தடங்களை விரலால் தடவினார். "இதெல்லாம் இடது கை இழுத்த மாதிரி இருக்கே. நீங்க இப்ப வலது கையாலதான போட்டீங்க?"

அண்ணனுக்கு வியர்த்து ஊற்றியது. பதறினால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். திரும்பிக் கத்தினான்: "ஏய் பீச்சாங்கை! என்ன மசமசன்னு நிக்கிற? வந்து சரி பண்ணு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதிகாரியம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க போட்டதா?"

"ஆமா. முழுசா."

"தகட்ட மாத்திடலாம். உங்க பேரச் சொல்லுங்க."

"பீச்சாங்கைன்னே அடிங்க மேடம்."

"ஏய், அசிங்கமா இருக்கும்!" என்றான் அண்ணன்.

"முப்பது வருஷமா ஊர் பூரா கேக்கக் கூப்பிட்டியே, அப்ப அசிங்கமா இல்லயா?"

அதிகாரியம்மாள் கத்தியை என்னிடம் நீட்டி, அந்தக் குடையைச் சரி செய்துவிடச் சொன்னார். இடது கையில் வாங்கினேன். ஒரே வழி வழித்தால் போதும். கருத்துப்போன அந்த நீலத்தையும், தப்புப் பக்கம் பெய்கிற அந்த நாலு கோட்டையும் பார்த்தேன். கத்தியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"வேணாம் மேடம், அது அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேர் பேரும் போடறதா அண்ணன் சத்தியம் பண்ணியிருக்கான். அவனுக்குப் புதுசா தகடு அடிக்க வேணாம், அதான் தயாரா இருக்கே. கழட்டி அந்தக் குடைக்குக் கீழ மாட்டச் சொல்லுங்க."

தச்சர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் குடைக்கு மட்டுந்தானேம்மா?"

"அது மட்டுந்தான்."

அதிகாரியம்மாள் தலையாட்ட, அவர் தகட்டைக் கழற்றிக் கொண்டுபோய் அந்தக் குடைக்குக் கீழே வைத்து முடுக்கினார். இந்தத் தடவை ஸ்க்ரூடிரைவர் வழுக்கவில்லை.