வேலாத்தாளின் பவர் பத்திரம்

பேங்குப் பியூன் வெள்ளையன் வந்து கட்டிங் மேஜைக்கு எதிரே நின்றதும் கந்தவேலின் கத்திரி பாதித் துணியில் நின்றுவிட்டது. பனியன் துணி வெட்டியே பழகிய கை அது. ஊர்க்கதை பேசிக்கொண்டே வெட்டினாலும் கோடு பிசகாது. இன்று பிசகிவிட்டது.

"ஏஜெண்டு ஐயா கையோட கூட்டியாரச் சொன்னாருங்க," என்றான் வெள்ளையன்.

"எதுக்குங்க?"

"நமக்கென்னங்க தெரியும்? அவரு மொகம் நல்லா இல்லீங்க. உங்க அத்தையம்மா போயிட்டாங்கன்னு உள்ள பேசிக்கறாங்க. நேத்துப் பணம் எடுக்க வந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

கந்தவேல் கத்திரியைக் கீழே வைத்தான். அத்தை வேலாத்தாள் சாகவில்லை. காலையில்தான் அவன் பிட்டுக் கொடுத்த இட்லியை, உப்பில்லை என்று திட்டிக்கொண்டே தின்றாள். ஆனால் அவள் செத்துவிட்டாள் என்று தந்தி கொடுத்தவன் அவனேதான்.

செவ்வாய்க்கிழமை வெயில் காய உட்கார்ந்திருந்த அத்தையின் தலையில் ஒரு காக்கை பொத்தென்று அடித்துவிட்டுப் போயிற்று. காக்கை தலையில் அடித்தால் ஆளுக்கு ஆகாது. செத்துப்போனதாகச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அவர்கள் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டால் தோஷம் அத்தோடு கழிந்துவிடும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான். கந்தவேலின் மனைவி மயிலாள் சொல்லியே ஆகவேண்டும் என்று நின்றாள். அவன் தபாலாபீசுக்குப் போய் இரண்டு தந்தி கொடுத்தான். ஒன்று பெருமாநல்லூரில் இருக்கும் அத்தையின் தங்கை சாமியாத்தாளுக்கு. அவள் மாரடித்துக்கொண்டு வந்து, அக்கா உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்து, சோறு தின்றுவிட்டுப் போனாள். இன்னொன்று அவிநாசிபாளையத்துக்கு, அத்தையின் கொழுந்தன் மகன் ரத்தினசாமிக்கு. அவன் வரவே இல்லை. தோட்டத்தில் வேலை போல இருக்கிறது என்று கந்தவேல் விட்டுவிட்டான்.

பேங்குக்கு நடக்கையில் வெயில் தெரியவில்லை. வக்கீல் குமாஸ்தா சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தைக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் விட்டுப்போன காட்டை மில்லுக்கு விற்ற பணம் பேங்கில் கிடந்தது. கால் முறிந்து படுத்ததும், அந்தப் பணத்தை எடுத்துச் செலவு பார்க்க அண்ணன் மகன் என்று கந்தவேல் பேரில் பவர் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து கொடுத்தாள். அன்றைக்குக் குமாஸ்தா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தக் காயிதம் அந்தம்மா மூச்சு இருக்கிற வரைக்கும் செல்லும். புத்தி இருக்கிற வரைக்கும் செல்லும். ரெண்டுல எது போனாலும் உன்ற கையெழுத்து வெத்துக் கையெழுத்து. தெரிஞ்சே போட்டீன்னா மோசடி கேஸு, பாத்துக்க."

மூச்சு இருந்தது. மற்றதுதான் ஆடியிலிருந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. சில நாள் அவனைக் கந்தா என்பாள். சில நாள், செத்துப்போன அவன் அப்பன் ஆறுச்சாமி என்று நினைத்து அண்ணா என்பாள். சில நாள் யாரோ எவரோ என்று மிரண்டு பார்ப்பாள். இது அவனுக்கும் மயிலாளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. தெரிந்தேதான் மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பணம் போனதெல்லாம் அவள் மருந்துக்கும் பாலுக்கும்தான். ஆனால் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

பேங்கின் பெரிய அதிகாரியான ஏஜெண்டு காமத் மங்களூர்ப் பக்கத்துக்காரர். வந்து ஆறு மாதம் ஆகவில்லை. மேஜை மேல் தந்தியை விரித்து வைத்திருந்தார்.

"மிஸ்டர் கந்தவேல், இது நீங்க கொடுத்தது?"

"ஆமாங்க. ஆனா அத்தை உசுரோடதான் இருக்கறாங்க."

"செவ்வாய்க்கிழமை செத்துப்போனாங்கன்னு நீங்களே சொல்றீங்க. புதன்கிழமை அவங்களுக்காகப் பணம் எடுக்கறீங்க. இன்னிக்கு உயிரோட இருக்காங்கன்னு சொல்றீங்க. நான் எதை எழுதறது?"

கந்தவேல் காக்கையைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே பொய் போலக் கேட்டது.

"காக்கா தலையில அடிச்சுது, அதுக்காகச் செத்துட்டாங்கன்னு தந்தி?" காமத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் ஹெட் ஆபீசுக்கு எழுத முடியுமா? நேத்து சாயந்தரம் ரத்தினசாமி தந்தியைக் கொண்டு வந்து, பவர் முடிஞ்சு போச்சு, பணத்தை நிறுத்துங்கன்னு மனு கொடுத்துட்டார். நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த அம்மாவை இங்க கூட்டிட்டு வாங்க. அவர் எதிர்ல நான் நாலு கேள்வி கேக்கறேன். சரியா சொன்னா நேத்து நீங்க இங்க விட்டுட்டுப் போன பாஸ் புத்தகத்தை வாங்கிட்டுப் போங்க. இல்லேன்னா போலீசுக்குத்தான் எழுதணும்."

"ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனீங்கன்னா..."

"வேற ஒரு பாட்டியைக் காட்டி என்னை ஏமாத்திட்டதா அவர் சொல்வார். இங்கேதான்."

வீட்டில் மயிலாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எழவுன்னு தந்தி வந்தா எழவூட்டுக்கு வருவாங்களா, பேங்குக்குப் போவாங்களா? என்ன மனுசனுங்க அவரு!"

"அவன் கெடக்கறான். நாளைக்கு அத்தை என்னையத் தெரியலைன்னு சொல்லிட்டா?"

மயிலாள் சுவரில் சாய்ந்திருந்த அத்தையின் எதிரில் போய் உட்கார்ந்தாள். "அத்தை, இவரு யாருங்க?"

வேலாத்தாள் அவனை நிதானமாகப் பார்த்தாள். "எண்ணெய்க்காரன்."

"நல்லாப் பாருங்க. கந்தவேலு. உங்க அண்ணன் மகன்."

"அண்ணன் மகன் கந்தவேலு," என்றாள் அத்தை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மயிலாள் மறுபடி கேட்டபோது, "எவனோ கடங்காரன் வந்து நிக்கறான், நீ உள்ள போ கண்ணு," என்றாள். கந்தவேல் வெளியே போய் மாட்டுக்குத் தீனி போடும் காடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். விலங்கு போட்டுத் தெருவில் கூட்டிப் போவார்கள்; பனியன் கம்பெனிப் பொம்பளைகள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.

மறுநாள் குதிரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், நாற்காலியோடு தூக்கி ஏஜெண்டு அறையில் வைத்தார்கள். கம்பிக் கதவு, மின்விசிறி, சட்டை போட்ட ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்து அத்தை மயிலாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினசாமி வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தான். அத்தையைக் கண்டதும் எழுந்தவன் மறுபடி உட்கார மறந்துவிட்டான்.

"வாங்க மச்சான்," என்றான் கந்தவேல். "எழவுக்கு வந்தீங்களாக்கு?"

"தந்தி குடுத்தது நீங்க மாப்ள. என்னைய ஏன் கேக்கறீங்க?"

மயிலாள் அத்தையின் காதருகில் குனிந்தாள். "அத்தை, அவிநாசிபாளையத்து ரத்தினசாமி. காக்கா அடிச்சதுக்குத் தந்தி போச்சல்லங்க, அவருக்குத்தான்."

காக்கை என்றதும் அத்தையின் கண் தெளிந்தது. "தந்தி வந்துச்சா சாமி உனக்கு?"

"வந்துச்சுங்க பெரியம்மா."

"அழுதியா?"

ரத்தினசாமி துண்டைச் சரிசெய்தான்.

"அழுதியான்னு கேக்கறனல்ல?"

"பஸ் ஏறி நேரா இங்க வந்துட்டனுங்க..."

கதவோரம் நின்ற வெள்ளையன் வாயைப் பொத்திக்கொண்டான். அத்தைக்கோ முகம் வெளிறிவிட்டது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். "அழுவவே இல்லியா? அப்பக் காக்கா என்ற மேலயேதான் இருக்குதா? ஐயோ, நான் போயிருவனே!"

"ஒரு சொட்டு விட்டுருங்க சாமி, புண்ணியமாப் போவுது," என்றான் வெள்ளையன். ரத்தினசாமி வேறு வழியில்லாமல் துண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் அத்தையின் கை கீழே இறங்கியது. காமத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காக்கைக் கதையை அவர் இப்போது நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, உங்க பேரு?"

"வேலாத்தாளுங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

அத்தை தலை குனிந்தாள். காமத்தின் பேனா நின்றது. ரத்தினசாமி முன்னால் சாய்ந்தான். இது மறதியா, புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்கிற அடக்கமா? கந்தவேலுக்கே தெரியவில்லை.

"பொம்பளைக அதைச் சொல்லுவாங்களாங்க?" என்றாள் அத்தை கடைசியில், கொஞ்சம் கோபமாக. "கெழக்க முருகன் மலை இருக்குதல்ல, அந்தப் பேருங்க."

"சென்னிமலைங்க," என்று வெள்ளையன் எடுத்துக் கொடுத்தான். காமத் பத்திரத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பேனாவைக் கந்தவேல் பக்கம் நீட்டினார்.

"இவர் யாரு?"

அத்தை திரும்பினாள். கந்தவேல் அந்தக் கண்ணைப் பார்த்தான். அதில் கந்தாவும் இல்லை, ஆறுச்சாமியும் இல்லை. இட்லி கொடுத்த கை, மூத்திரத் துணி மாற்றிய கை, எதுவும் அங்கே இல்லை. வாயைத் திறந்து அத்தை என்று சொல்லிவிடலாமா என்று மனசு துடித்தது. சொன்னால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

அத்தை அவனையும் ஏஜெண்டையும் பார்த்தாள். பொக்கை வாயால் சிரித்தாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! இவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாதாக்கு? உங்ககிட்டயேதான வந்து போயிட்டு இருக்கறான்."

காமத் வாய்விட்டுச் சிரித்தார். "உண்மை, உண்மை. எனக்கு நல்லாத் தெரியும்." ரத்தினசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். துண்டு இன்னும் கையில் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பாஸ் புத்தகம் மேஜையைத் தாண்டி வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கந்தவேல் போட்டான். கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியது.

அவள் பதில் சொல்லவே இல்லை என்பது அந்த அறையில் அவனுக்கும் மயிலாளுக்கும் மட்டும் தெரியும். மயிலாள் அவன் பக்கம் திரும்பாமலேயே நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினாள்.

வண்டி ரயில்வே கேட்டில் நின்றபோது அத்தை அவன் முழங்கையைத் தொட்டாள். மரியாதையாக, அந்நிய ஆளைத் தொடுவது போல.

"ஏனுங்க சாமி, நீங்க யாரூட்டுப் பையன்?"

"ஆறுச்சாமி மகனுங்க அத்தை. கந்தவேலு."

"ஆறுச்சாமிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" அவள் யோசித்தாள். பிறகு குரல் இறங்கியது. "என்னைய எங்க கூட்டிட்டுப் போறீங்க? எனக்குப் பயமா இருக்குதுங்க."

"ஊட்டுக்குத்தானுங்க," என்றான் கந்தவேல். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடுத்த மாத மருந்துச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது; அதற்கும் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.