இரண்டாம் குரல்

வெனிஸைப் பிடித்து ஆண்ட ஆஸ்திரிய ராணுவத்தின் வாத்தியக் குழு சதுக்கத்தில் வாசிக்கத் தொடங்கினால் வெனிஸ்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். கோப்பையில் காப்பி பாதி இருந்தாலும் போய்விடுவார்கள். அன்று ஓர்சொலாவும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான். தூண்வரிசை முடியுமிடத்தில் கால் நின்றுவிட்டது. அவர்கள் வாசித்தது முன்பு நாடக மேடையில் அவள் பாடிய பாட்டு. கடலுக்குப் போன ஆண்களை நினைத்துப் பெண்கள் கூட்டமாகப் பாடுவது. அவள் அதில் முதல் குரலுக்கு அடியில் இழைந்து போகும் இரண்டாம் குரல். தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, கடைசி எக்காளம் அடங்கும்வரை கேட்டாள். கண் திறந்தபோது எதிரே, அவளோடு மேடையில் பாடிய பெத்தா நின்றிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பக்கத்து மாகாணமான லொம்பார்திக்கு விடுதலை கிடைத்து, வெனிஸ் மட்டும் அந்நியன் கையிலேயே தங்கிப்போன வருடம், கொடி மாறும்வரை இங்கே பாட்டு இல்லை என்று ஊர் கூடி நாடக அரங்கைப் பூட்டியது. ஓர்சொலாவும் கை தூக்கினாள். மேடைத் திரைகளில் படம் தீட்டும் அவள் கணவன் ஆல்விஸே அந்த மாதமே ஆற்றைக் கடந்து அக்கரையில் ஆஸ்திரியர்களை எதிர்க்கும் படையில் சேர்ந்தான். போனவர்கள் திரும்ப முடியாது. வருடங்கள் போகப் போக அவன் முகம் அவளுக்குள் மங்கிக்கொண்டு வந்தது. மூக்கு நினைவிருந்தால் கண் வரவில்லை. பாட்டு மட்டும் ஒரு மூச்சுகூடப் பிசகாமல் இருந்தது. இரண்டில் எதற்கு அதிகம் ஏங்குகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சந்தில் பெண்கள் வழக்கம்போல் மரத்தட்டுகளை மடியில் வைத்துக் கண்ணாடி மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். ஓர்சொலா உட்கார்ந்ததும் பக்கத்து முக்காலிகள் நகர்ந்தன. பெத்தா மட்டும் நகரவில்லை. மேடையில் முதல் குரல் அவள். அவள் தம்பி ஆஸ்திரியர்களின் சிறையிலேயே செத்தான்.

"கச்சேரி நல்லா இருந்துச்சாடி?"

"நம்ம பாட்டுதானடி அது."

"பாட்டு நம்மளுது. ஊதுன வாய் யாருது? உம்புருஷன் அங்க எந்தக் குளிர்ல கெடக்கானோ."

ஓர்சொலா ஊசியை மணிக்குள் விட்டுவிட்டு எடுத்தாள். பிறகு அவளே எதிர்பார்க்காமல் தொண்டை திறந்துகொண்டது. மெதுவாகத்தான் பாடினாள். தனியாகக் கேட்டால் இரண்டாம் குரல் பாட்டே இல்லை; சுவர் இல்லாத இடத்தில் ஏறும் கொடி மாதிரி அங்கங்கே தொங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல் குரல் வந்து சேர வேண்டிய இடத்தில் நிறுத்தி, காத்திருந்து, மேலே பாடினாள்.

"முந்துற," என்றாள் பெத்தா, தட்டிலிருந்து தலை தூக்காமல். "அந்த எடத்துல எப்பவும் முந்துவ. நான் மூச்சு எடுக்க விடமாட்ட."

"நீதான் இழுப்ப."

"கொடி மாறட்டும், பாரு. யாரு இழுக்கிறான்னு தெரியும்."

"அதுக்குள்ள நமக்குக் குரல் இருக்குமாடி?"

பெத்தாவின் விரல்கள் நின்றன. அப்போது சந்தின் முனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு ஆஸ்திரியச் சிப்பாய்கள் வந்தார்கள். பெண்கள் எல்லாரும் வாய் மூடித் தட்டுகள்மேல் குனிந்தார்கள். சிப்பாய்கள் மெதுவாக, மணிகளை வேடிக்கை பார்த்தபடி நடந்தார்கள். அந்த அமைதியில், பெத்தாவின் பாவாடை விளிம்புக்கு அடியில் அவள் மரச்செருப்பின் நுனி கல்லில் மெல்லத் தாளம் தட்டுவதை ஓர்சொலா பார்த்தாள். அந்தப் பாட்டின் நிதானமான தாளம். இந்த முறை ஓர்சொலா முந்தாமல், உதடு மூடியபடி, அதற்கேற்ப மூச்சை இழுத்தாள்.