இரண்டு சமையலறை வீடு

வாஸ்கோவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த அன்றுதான் அவனுடைய முதல் மனைவியும் இரண்டாம் மனைவியும் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவன் இரண்டு பேருடைய பெயரையும் எழுதிவைத்திருந்தான். ஒருத்தி விவாகரத்து வாங்கிப் பதினோரு வருஷம், இன்னொருத்தி வாங்கி இரண்டு வருஷம். ஆனாலும் போன் வந்ததும் இருவரும் கிளம்பி வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால், கட்டில் ஓரமாக மூன்றாவது ஒரு பெண் உட்கார்ந்து அவனுக்குத் திராட்சை ஊட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் அப்படியே திரும்பிக் கீழே கான்டீனுக்கு டீ குடிக்கப் போனார்கள். திரும்ப மேலே வரவேயில்லை.

நானும் வாஸ்கோவும் சிட்னிக்குத் தெற்கே போர்ட் கெம்பளா இரும்பாலையில் பத்தொன்பது வருஷம் ஒரே ஷிஃப்டில் வெந்தவர்கள். அவனுடைய இரண்டு கல்யாணத்திலும் மாப்பிள்ளைத் தோழன் நான்தான். முதலாமவள் மென்கா, எங்களைப் போல மாசிடோனியாவிலிருந்து வந்தவள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அவள் ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாமவள் ரோண்டா, இங்கேயே பிறந்தவள், டவுன் பஸ் ஓட்டுகிறாள். கடைசி ஸ்டாப்பில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆளை அவள் சீட்டைவிட்டு எழாமலே ஒரே அதட்டலில் எழுப்புவாள். அவன் இறங்கி ஓடுவான்.

அந்த டீக்குப் பிறகு இரண்டு பேரும் ஞாயிறுதோறும் சீட்டாட ஆரம்பித்தார்கள். 2012 தொடக்கத்தில் மென்கா குடியிருந்த ஃபிளாட்டின் சொந்தக்காரர் அதை விற்கப்போவதாகவும், இரண்டு மாதத்தில் காலி செய்யவேண்டும் என்றும் கடிதம் போட்டார். அவளுக்கு அது ஒன்பதாவது வாடகை வீடு. ரோண்டாவின் கதை வேறு. அவள் வாடகை வீட்டு ஏஜென்ட் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வந்து, அடுப்புக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, அந்த விரலை போட்டோ எடுத்துக்கொண்டு போவான்.

"ஐம்பத்தொரு வயசுல எவனோ வந்து என் அடுப்பைத் தடவிப் பாக்குறான் மென்கா. நாம ஒரு வீடு வாங்கினா என்ன?" என்று ரோண்டா கேட்டிருக்கிறாள்.

மென்கா கையிலிருந்த சீட்டை இறக்கிவிட்டு, "நாயி வளக்கக் கூடாது" என்றாளாம். சம்மதம் என்று அர்த்தம்.

ஒருத்தி சம்பளத்தைக் காட்டினால் வங்கி நாற்காலிகூடப் போடாது. இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். கடன் படிவத்தை நிரப்பிய பையன் இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டான். "ஒரே புருஷன்" என்றாள் ரோண்டா. "முன்னாள்" என்று மென்கா திருத்தினாள். பையன் கணினியில் வெகுநேரம் மேலும் கீழும் தேடிவிட்டு, கடைசியில் 'குடும்பம்' என்று போட்டுக்கொண்டான். இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் டாலர் வரை போகலாம், அதற்கு மேல் ஒரு டாலர்கூட முடியாது என்று முடிவாயிற்று.

அந்தப் பணத்துக்கு எங்கள் ஊர் வொலாங்காங்கில் கடலோரம் ஒரு கார் நிறுத்துமிடம் கிடைக்கும். மலையடிவாரத்தில் பாதி வீடு கிடைக்கும். முழு வீடு வேண்டுமென்றால் எங்கள் கிரிங்கிலா மேட்டுக்குத்தான் வரவேண்டும்.

எங்கள் மேட்டில் இருப்பதெல்லாம் யுத்தம் முடிந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள். ஆஸ்பெஸ்டாஸ் சுவர், சரிவில் நிற்கும் தூண்கள், வாசலுக்கு ஏற முப்பது படி. ஜன்னலைத் திறந்தால் இரும்பாலைப் புகைபோக்கி உள்ளே எட்டிப் பார்க்கும். எனக்குப் பக்கத்து வீடு ஒத்தாவியோ என்ற இத்தாலியர் கட்டியது. மேல்மாடிச் சமையலறையைப் பளபளவென்று ஜோடித்துவிட்டு, அது அழுக்காகிவிடுமே என்று கீழே தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி இன்னொரு சமையலறை கட்டினார். நாற்பத்தாறு வருஷமும் குடும்பமே கீழேதான் சமைத்துத் தின்றது. மேலே இருந்த அடுப்பை நான்கு தடவை பற்றவைத்திருப்பார்கள், நான்கும் சாவுக்கு வந்தவர்களுக்குக் காபி போட. ஐந்தாவது தடவை ஒத்தாவியோவுக்கே பற்றவைத்தார்கள். மகள் நெல்டா பெர்த்திலிருந்து வந்து வீட்டை ஏலத்துக்கு விட்டாள்.

மென்காவுக்குத் தகவல் சொன்னது நான்தான். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். எவனாவது கட்டடக்காரன் வாங்கி வீட்டை இடித்து நான்கு வீடாக நட்டுவைத்தால் என் கத்தரிச் செடிக்கு வெயில் விழாது.

வீட்டைக் காட்டிய அன்று நானும் கூடப் போனேன். ஏஜென்ட் டிரென்ட் கூரான ஷூவும் இறுக்கமான கோட்டுமாகப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். விளம்பரத்தில் 'ஏரி தெரியும்' என்று போட்டிருந்தார்கள். எங்கேயிருந்து என்று ரோண்டா கேட்டாள். குளியலறை ஜன்னல் என்றான். அவள் உள்ளே போய்க் கழிவறைப் பீங்கான்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, தெரிகிறது, பொய் சொல்லவில்லை என்று அங்கிருந்தே எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தாள். தயவுசெய்து தட்டாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று டிரென்ட் கெஞ்சினான்.

மென்கா மேலே எதையும் பார்க்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போய், ஒத்தாவியோவின் பழைய அடுப்பின் கதவைத் திறந்து, உள்ளே தலையைவிட்டு, மூடினாள். "கீழ எனக்கு. மேல உனக்கு" என்றாள். ரோண்டா தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அடுத்த மூன்று வாரமும் மென்கா வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து என் வேலியோரம் நின்று அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வா என்று கூப்பிட்டால் வரமாட்டாள். ஒரு நாள் மட்டும், அந்தச் சரிவில் மிளகாய் நட்டால் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. இன்னும் கைக்கு வராத மண் அது.

இந்த இடத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். கிளப்பில் இரண்டு பீருக்குப் பிறகு வாஸ்கோவிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். அவன் கோப்பையை வைத்துவிட்டு, எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி என்று மட்டும் கேட்டான்.

ஏலத்தன்று தெருவே திரண்டுவிட்டது. எங்கள் பக்கம் ஏலம் என்றால் கல்யாணம் மாதிரி, அழைப்பு வேண்டாம். துருக்கிக்கார யூசுஃப் நாற்காலியும் ஒரு பை சூரியகாந்தி விதையும் கொண்டுவந்தான். மென்கா தேவாலயத்துக்குப் போகிற கறுப்புச் சட்டையில் வந்தாள். ரோண்டா பஸ் சீருடையோடு வந்தாள், ஒரு மணிக்கு ஷிஃப்ட். சிட்னியிலிருந்து ஒருவர் வெள்ளைக் கால்சட்டை போட்ட மனைவியோடு வந்திருந்தார். கையில் நில வரைபடம். என் கத்தரிச் செடிக்கு அப்போதே நிழல் விழுந்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாஸ்கோ படியேறி வந்தான். கோட்டு சூட்டு.

"அது எங்க கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டு. பட்டன் போட வரல பாரு" என்றாள் ரோண்டா.

அவன் யாரையும் பார்க்காமல் டிரென்டிடம் போய் டிரைவிங் லைசென்ஸைக் காட்டிப் பெயரைப் பதிந்து, எண் அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டான். வாஸ்கோவிடம் இருந்த ஒரே சொத்து ஒரு மீன்பிடிப் படகு, அதுவும் பாதி கடன்.

ஏலம் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்தில் தொடங்கியது. சிட்னிக்காரரும் ரோண்டாவும் மாறி மாறி ஏற்றினார்கள். எண்பதைத் தாண்டியதும் ரோண்டாவின் குரல் இறங்கிவிட்டது. எண்பத்தைந்து என்றாள். சிட்னிக்காரர் யோசிக்காமல் தொண்ணூறு என்றார். ரோண்டா அட்டையைத் தொடையோடு சேர்த்து இறக்கிக்கொண்டாள். மென்கா தரையைப் பார்த்தபடி கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வீடு மாறியபோதும் அழாதவள். அன்றும் அழவில்லை. ஆனால் யூசுஃப் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டான்.

அப்போது வாஸ்கோ அட்டையைத் தூக்கினான். மூன்று லட்சம்.

சிட்னிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஐந்தாயிரம் ஏற்றினார். வாஸ்கோ பத்தாயிரம் ஏற்றினான். அவர் மறுபடியும் ஏற்றினார். வாஸ்கோ, ஏதோ பக்கத்து மேசைக்கு பீர் சொல்வது மாதிரி, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்றான். அந்த அம்மாள் கணவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வாஸ்கோவின் கோட்டைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், வெள்ளைக் கால்சட்டையில் படிந்திருந்த ஆலைத் தூசியைப் பார்த்தார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். டிரென்ட் மூன்று தடவை கூவித் தட்டினான். வீடு வாஸ்கோவுக்கு.

ரோண்டா நேராக அவனிடம் போனாள்.

"என்ன பண்ணிருக்கேன்னு புரியுதா உனக்கு?"

"ஏலம்னா யாரு வேணா கேக்கலாம்" என்றான் அவன்.

"டெபாசிட்டுக்கு என்ன வெச்சிருக்க? படகையா அறுத்துக் குடுப்ப?"

மென்கா அவன் பக்கமே திரும்பாமல் படியிறங்கிப் போய் ரோண்டாவின் கார் அருகே நின்றாள். டிரென்ட் ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டி, பத்தில் ஒரு பங்கு முன்பணமாக முப்பத்து நான்காயிரம் டாலருக்குக் காசோலை கேட்டான். வாஸ்கோ கோட்டுப் பையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, செக் புத்தகம் வீட்டில் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனான்.

டிரென்ட் படியில் உட்கார்ந்து காத்திருந்தான். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. யூசுஃபின் மனைவி பாவப்பட்டு அவனுக்கு ஒரு தட்டில் கீரை ரொட்டி கொடுத்தாள். இரண்டரைக்கு நான் சொன்னேன், தம்பி, அவனிடம் செக் புத்தகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. டிரென்டின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. சிட்னிக்காரருக்குப் போன் போட்டான். அவர் கோபத்தோடு நேராகப் பக்கத்து ஊர் டாப்டோவுக்குப் போய், அங்கே இரண்டு மணி ஏலத்தில் ஒரு வீட்டை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டாராம்.

நெல்டாவுக்குத் திங்கட்கிழமை பெர்த்துக்கு விமானம். கத்து கத்தென்று கத்தினாள். பிறகு, அந்த இரண்டு பெண்கள் எங்கே என்று கேட்டாள்.

ரோண்டா பஸ்ஸில் இருந்தாள். மென்கா மட்டும் வந்தாள், ரோண்டாவின் காரையே ஓட்டிக்கொண்டு. ஒத்தாவியோவின் கீழ்ச் சமையலறை மேசையில் டிரென்ட், நெல்டா, மென்கா மூவரும் உட்கார்ந்தார்கள், நான் வாசலில் நின்றேன். டிரென்ட் இன்னும் கொஞ்சம் ஏறிவரச் சொன்னான், மூன்று லட்சத்தைத் தொட்டால் நன்றாக இருக்கும் என்றான்.

"இருநூத்தி எண்பத்தஞ்சு" என்றாள் மென்கா. கொஞ்சம் கழித்து, "கராஜை நாங்களே காலி பண்ணிக்கிறோம்" என்றாள்.

அந்த கராஜில் நாற்பத்தாறு வருஷச் சாமான் கூரை வரைக்கும் இருந்தது. நெல்டா ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடியவள். கேட்டதும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். டிரென்ட் தடுக்க வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மென்கா வெளியே வந்து, ரோண்டாவுக்குப் போன் செய்து, "நம்மது" என்று ஒரு வார்த்தை சொன்னாள். போனிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்த பஸ் பத்து நிமிஷம் தாமதமாகப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

வாஸ்கோவைப் படகுத்துறையில் கண்டுபிடித்தேன். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். வேண்டுமென்றேதான் செய்தாயா என்று கேட்டேன்.

"எது?"

"அந்த சிட்னிக்காரனை வெரட்டி விட்டது."

"இல்லடா. அவளுங்களுக்கு வீடு கெடைக்கக் கூடாதுன்னுதான் போனேன். ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, காலைல எந்திரிச்சு காபியோட ஆரம்பிப்பாளுங்க. என் கொறட்டை, என் அம்மா, நான் அடகு வெச்ச மோதிரம். நாள்பூரா என் பேச்சுதான் இருக்கும். எப்பிடிடா தாங்குவேன்?"

அவர்களுக்கே வீடு கிடைத்துவிட்டது என்றேன். அவன் தூண்டிலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அன்று மாலை கிளப்பில், எல்லாம் தான் போட்ட திட்டம் என்று எதிர்ப்பட்டவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சிலர் அவனுக்கு பீர்கூட வாங்கிக் கொடுத்தார்கள். ரோண்டா கேள்விப்பட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். மென்கா சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் அவன் பிறந்தநாளுக்கு ஒரு செக் புத்தகத்தின் காலி உறையைத் தபாலில் அனுப்பினாள்.

இருவரும் குடிவந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. கராஜிலிருந்து பதினேழு லாரி குப்பை போயிற்று. மேல்மாடியில் தினமும் ஏதாவது கருகும். கீழேயிருந்து மென்காவின் சமையல் ஒரு தட்டில் மேலே போகும். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். கூரைத் தகரத்தில் ஓட்டை, பஸ் டைம்டேபிள், யூசுஃபின் சேவல், சீட்டில் யார் ஏமாற்றியது. ஒரு சாயங்காலம் முழுக்க, குளியலறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை. வாஸ்கோவின் பெயரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

போன வாரம் கிளப்பில் அவன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். திராட்சைக்காரியும் விட்டுப் போய்விட்டாள், கொஞ்சம் இளைத்திருந்தான்.

"உண்மையைச் சொல்லு இல்கோ. என்னைப் பத்தி என்னதான் பேசிக்கிறாளுங்க?"

அவன் கண்ணைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

"ஐயோ, கேக்காதடா" என்றேன். "விடிஞ்சா உன் பேச்சு, அடைஞ்சா உன் பேச்சு. காது குடுத்துக் கேக்க முடியல."

வாஸ்கோ தலையை மெல்ல ஆட்டிக்கொண்டான். எனக்கும் சேர்த்து பீர் சொன்னான். பத்தொன்பது வருஷத்தில் அவன் காசில் நான் குடித்தது அது ஒன்றுதான்.